அவர் மிச்சம் வைத்த காப்பி

காப்பி வாங்குவதில் எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். கறுப்பாக இருக்க வேண்டும், கசக்க வேண்டும், அவ்வளவுதான். பினாங்கில் பிறந்து வளர்ந்தவளுக்கு வேறு காப்பி எதற்கு?

போன வருடம் என் கணவருக்கு இனிப்பு நீர் நோய் வந்துவிட்டது. காப்பியில் ஊற்றிக்கொள்ளும் இனிப்பான டின் பாலை டாக்டர் நிறுத்தச் சொன்னார். இவர் காப்பியையே நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. காலையில் நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அவர் பட்டர்வொர்த்தில் வேலைக்குப் போக ஃபெரிக்கு ஓடுவார். அதற்கு முன்னால் காப்பியோடு உட்காரும் கால் மணி நேரத்தில்தான் நாங்கள் நிம்மதியாகப் பேசிக்கொள்வோம். இப்போதோ அவர் நின்றபடியே வெந்நீர் குடித்துவிட்டுக் கிளம்பினார். விட்டுவிடுவேனா நான்?

"கோப்பி ஓ கோசோங் குடிங்க, பாலும் சீனியும் கிடையாதுலா," என்று வழக்கமான தூளிலேயே கலந்து கொடுத்தேன். முகத்தைச் சுளித்தார். சரி, நல்ல தூளாக வாங்குவோம் என்று, ஜார்ஜ்டவுனில் கண் முன்னே வறுத்துத் தரும் ஒரு கடைக்குப் போனேன். சீனியில்லாத காப்பி கொடுக்கிறேன் என்று பெருமையாகச் சொன்னதும் கடைக்காரப் பெண் சிரித்துவிட்டாள். நம் ஊர்க் கறுப்புத் தூளுக்குக் கொட்டையைச் சீனியும் மார்ஜரினும் சேர்த்துத்தான் வறுப்பார்களாம். இத்தனை வருடம் குடித்தவள் அசடு வழிய நின்றேன்.

அவள் மூன்று தட்டுகளில் வறுத்த கொட்டைகளை வைத்து, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் காப்பி போட்டுக் கொடுத்தாள். எதிலும் சீனி இல்லை. இளவறுப்பு வெளிர் பழுப்பாகக் காய்ந்து கிடந்தது. குடித்தால் புளிப்பு முந்திக்கொண்டு வந்தது. முற்றிய வறுப்பில் எண்ணெய் மினுங்கியது, கசப்பும் புகை வாசமும். நடுவறுப்பு இரண்டுக்கும் சமாதானம். வறுக்க வறுக்கப் புளிப்பு இறங்கிக் கசப்பு ஏறும், இதில் என்ன பெரிய வித்தை! உங்கள் கணவருக்குப் பாலில்லாமல் எது பிடிக்கும் என்று அவள் கேட்டாள். "முற்றியதுதான்," என்றேன், யோசிக்காமல்.

வீட்டில் அதைப் போட்டுக் கொடுத்தேன். இவர் இரண்டு வாய் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்று மீதியை வைத்துவிட்டுப் போனார். நடுவறுப்பு வாங்கினேன். அதிலும் அரைக் குவளை மிச்சம். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

தொழிற்சாலையில் என் வேலை கணினிச் சிப்புகளைச் சோதிப்பது. எந்தப் பெட்டியிலிருந்து வந்தது என்று தெரிந்தால் கண் ஏமாற்றும் என்பதால் சீட்டை மறைத்துவிட்டுத்தான் பார்ப்போம். அதையே வீட்டிலும் செய்தேன். இளவறுப்பையும் வாங்கி வந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மூன்று காப்பியும் போட்டு, குவளைகளுக்கு அடியில் சீட்டை ஒட்டி அவர் முன்னால் வைத்தேன். ஒன்றை மட்டும் அடிவரை குடித்தார். திருப்பிப் பார்த்தால் இளவறுப்பு.

"இது புளிக்குமேங்க!"

"அதான் நல்லாருக்கு. நீ போடுற காப்பி ரொம்பக் கசக்கும்லா. அதுக்குத்தான் அவ்வளவு டின் பால் ஊத்துவேன்."

அவருக்கு வந்த நோயில் என் கசப்புக்கும் பங்கு உண்டோ? "இருபது வருசமா ஏங்க வாயைத் திறக்கல?" என்று கத்தினேன்.

"சொன்னா எனக்குத் தனியா ஒரு காப்பி போடுவ. அப்புறம் நீ உக்கார ஏது நேரம்?"

அந்தக் கால் மணி நேரத்தை நான் மட்டும்தான் காப்பாற்றிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

இப்போது பத்து நிமிடம் முன்னதாக எழுந்து இரண்டு காப்பி போடுகிறேன். என்னுடையது இன்னும் கறுப்புதான், அதை மாற்றிக்கொள்வதாக இல்லை. அவர் உட்கார்ந்து, கடைசிச் சொட்டு வரை குடிக்கிறார்.