அக்கி என்றால் என்ன

எங்கள் வீட்டில் எல்லா நோய்க்கும் ஒரே பெயர்தான்: சூடு. வயிறு வலித்தால் சூடு, கண்கட்டி வந்தால் சூடு, நீர் பிரியும்போது எரிந்தால் சூடு. கடலூரில் இருக்கும் என் அக்காவுக்கு நெற்றியின் இடது பக்கம் கொப்புளம் கிளம்பியபோதும் அம்மா போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டாள். இளநீர் குடிக்கச் சொன்னாளாம்.

எரிச்சல் தாங்காமல் அக்கா ஒரு டாக்டரிடம் போயிருக்கிறாள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஹெர்பீஸ் சோஸ்டர். வைரல்தான்" என்று மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். நம் ஊரில் அக்கி என்பது இதைத்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. கண்ணுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, கண்ணைக் காட்டு என்றும் இல்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தார்?

அக்கி என்று கண்டுபிடித்தது பக்கத்து வீட்டு அம்மா. உடனே அக்காவின் கணவர், அதாவது என் மாமா, அவளைப் பண்ருட்டிப் பக்கம் அழைத்துப் போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் வரைவார்கள். அது காய்ந்து உதிரும்வரை தண்ணீர் படக்கூடாது. மருந்தும் கூடாது, சாப்பிட்டால் அக்கி உள்ளே இறங்கிவிடுமாம். வைரலுக்குக் கொடுத்த மாத்திரை அக்கிக்கு எதற்கு என்று அதையும் தூக்கிப் பரணில் போட்டுவிட்டார்கள்.

சிதம்பரத்திலிருந்து நான் போய்ப் பார்த்தபோது அக்காவின் முகத்தில் பாதி காவி. இடது இமை வீங்கி மூடியிருந்தது. மூக்கு நுனியிலும் ஒரு கொப்புளம். நர்சிங் மாணவர்களுக்கான மருத்துவச் சொல் அகராதிக்குப் பிழை திருத்துவது என் பிழைப்பு. மூக்கு நுனியில் அக்கி வந்தால் கண்ணுக்கும் ஆபத்து என்று எங்கோ படித்தது நினைவுக்கு வந்தது.

"கண்ணாஸ்பத்திரிக்குக் கெளம்புங்க மாமா" என்றேன்.

"அவசரப்படாத மச்சான். காவி காயட்டும். இப்ப கழுவுனா ஜாஸ்தியாயிடும்."

கத்தினேன். தெருவே எட்டிப் பார்த்தது. நானே துணியை நனைத்துத் துடைத்து, அவளை ஆட்டோவில் ஏற்றினேன். கருவிழியில் புண், தழும்பு விழுந்துவிடும், இனி பழைய பார்வை வராது என்றார் கண் டாக்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று இப்போது யார் சொன்னாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

சிதம்பரம் திரும்பி அகராதியைப் புரட்டினேன். "நரம்பணுத்திரளில் உறைநிலையிலிருந்த நச்சுயிரியின் மீள்செயற்பாட்டால் தோன்றும் கொப்புளப் பிணி." யாருக்குப் புரிய இதை எழுதினார்கள்? அடித்துவிட்டு எழுதினேன்: "சின்னம்மைக் கிருமி நரம்பில் தங்கியிருந்து பிறகு கிளம்புவது. நெற்றியிலோ மூக்கிலோ வந்தால் அன்றே கண் டாக்டரிடம் போக வேண்டும்." பதிப்பாசிரியர் இரண்டாவது வரியை வெட்டினார்.

"இது விளக்கம் இல்ல சார், அட்வைஸ்."

மறுபடி சேர்த்தேன். சண்டை இன்னும் நடக்கிறது.

அந்த இரண்டு வரியையும் அக்காவுக்குப் போனில் படித்துக் காட்டினேன்.

"அவ்ளோதானா?" என்றாள். "இத சொல்ல அந்த டாக்டருக்கு எவ்ளோ நேரம்டா ஆயிருக்கும்?"