காணாமல் போன ஒற்றைச் செருப்பு

"நாளைய மறைமலைநகர் பயிற்சி ரத்து" என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தபோது, யாரோ தவறுதலாக அனுப்பிவிட்டார்கள் என்றே நினைத்தேன். புயல் எச்சரிக்கை நாளிலும் வந்தவர்களை உட்காரவைத்துப் பயிற்சி நடத்தியவர் மெஹர் அக்கா. அடுத்த வரியில் காரணம் இருந்தது: அக்கா இறந்துவிட்டார். மாரடைப்பு, புதுப்பட்டினத்தில், வீட்டிலேயே.

அங்கன்வாடிப் பணியாளர்கள், விடுதிக் காப்பாளர்கள் என்று பிள்ளைகளோடு வேலை செய்பவர்களுக்கு அக்கா பயிற்சி கொடுத்தார். அதற்கான கையேடுகளை நான் எழுதினேன். 'இழப்பைக் கையாளுதல்' என்ற என் அத்தியாயத்தைப் பொறுமையாகப் படித்துவிட்டு அவர் சொன்னது: "நல்லாத்தான் கீது, எழுத்தாளரே. அழுவுற புள்ள இத படிச்சிக்கினு இருக்குமா?"

அவரிடம் பயின்ற உங்களுக்கு அந்த மேசை நினைவிருக்கும். அறுபதை நெருங்கிய பெண்மணி ஆறு வயதுப் பிள்ளையாகி மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வார். "என் செருப்பு காணோம்" என்பார். நாம் அவரை வெளியே வரவைக்க வேண்டும்; அதுதான் தேர்வு. அவருடைய நீல ரப்பர் செருப்பில் ஒன்று பச்சைக் கைப்பையில் ஒளிந்திருப்பது எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் யாரும் எளிதில் தேறியதில்லை.

செங்கல்பட்டு விடுதிக் காப்பாளர் கலைவாணி தேறவே இல்லை.

"புச்சு வாங்கித் தரேன், வெளிய வா."

"வாணாம்."

"ரெண்டு ஜோடி வாங்கித் தரேன். லைட்டு எரியுற செருப்பு."

"வாணாம்."

அக்கா மேசைக்கடியிலிருந்து தலையை நீட்டினார். "இன்னாம்மா நீ, புள்ள ஒத்த செருப்பு கேக்குது, நீ கடையே வச்சிக் குடுக்கிற?" பிறகு எல்லோருக்குமாகச் சொன்னார்: "'எங்க வுட்ட? வா, தேடலாம்'னு சொல்லுங்க. கெடைக்கிறது அப்புறம். தேடிக்கினே இருந்தா புள்ள தானா பேசும்."

அடக்கத்துக்கு மறுநாள் அவர் வீட்டுக்குப் போனோம். மகள் ஷபானா அதுவரை அழவில்லை, ஒரு வாய் சாப்பிடவில்லை என்றார்கள். நாங்கள் பயிற்சி பெற்றவர்கள்; எனவே தரையில் உட்கார்ந்து, முகம் பார்த்து, குறுக்கிடாமல் கவனித்தோம். கவனிக்க எதுவும் இல்லை. ஆறுதல் நிபுணர்கள் நிறைந்த வீட்டில் மின்விசிறி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

கடைசியில் ஷபானா சொன்னாள்: "அம்மா செருப்பு ஒண்ணு காணோம்."

அவள் எங்கள் பயிற்சியைப் பார்த்ததே இல்லை. எங்களில் முதலாவதாகத் தேறியவர் தொண்டையைச் செருமி, "இனிமே அது எதுக்கும்மா?" என்றார்.

கலைவாணி எழுந்தார். "எங்க வுட்டாங்க? வா, தேடலாம்."

வாசலில் குவிந்து கிடந்த எங்கள் செருப்புகளை இருவரும் ஒவ்வொன்றாகப் புரட்டினார்கள். ஆணியில் தொங்கிய பச்சைக் கைப்பையை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். யாரும் வாய் திறக்கவில்லை. ஷபானா பேசத் தொடங்கினாள். அம்மா காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது. மீன் வாங்கப் போனால் மீனை மறந்து பேச்சோடு திரும்புவது. இறந்த அன்று காலை, "எப்பப் பாரு ஊரான் புள்ளைங்கதான் உனக்கு" என்று தான் எரிந்து விழுந்தது. அந்த இடத்தில் படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். கலைவாணி பக்கத்தில் உட்கார்ந்தார்.

அழுகை ஓய்ந்த பிறகுதான், "அந்தப் பையில பாரு கண்ணு" என்றார். மறுநாள் பயிற்சிக்காக அக்கா எடுத்து வைத்த செருப்பு அதில் இருந்தது.

கலைவாணி தேறிவிட்டார். அதைச் சொல்ல வேண்டிய அக்காதான் இல்லை.

அக்காவின் இடத்துக்குச் சீக்கிரம் வேறொருவர் வந்துவிடுவார் என்று நல்லவர்கள் எனக்கு ஆறுதல் சொல்கிறார்கள். புச்சு வாங்கித் தருகிறார்களாம். வாணாம்.

என் கையேடு முழுவதையும் விட்டுவிட்டு, அவருடைய அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். மாமல்லபுரம் கடற்கரையில் மாலையில் நடக்கும்போது எனக்கே சொல்லிக்கொள்கிறேன்: எங்க வுட்ட? வா, தேடலாம். இந்த முறை பையில் இல்லை என்று தெரியும். தேடுகிறேன்.