முடிந்துபோன நாடகத்தின் அடுத்த வாரம்

இன்று காலை கீரனூரிலிருந்து திருச்சிக்குப் போகும் பஸ்ஸில் போனில் ஏதோ தொடர் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட் அக்கா கேட்டார்.

"ஹாஸ்டல் பள்ளிக்கூடத்துல ஒரு பொண்ணு காணாமப் போகுமே, அந்த நாடகம் பாத்தீங்களா?"

"பாத்தேன்க்கா. போன மாசமே முடிஞ்சிருச்சே."

"எனக்குத் தெரியும். எம் மகளுக்குத்தான் தெரியாது."

மகள் விடுதியில் தங்கி பதினொன்றாவது படிக்கிறாள். அங்கே டிவி கிடையாது. ஞாயிறு மட்டும் பத்து நிமிடம் போனில் பேசலாம். அந்த வாரக் கதையை அக்காதான் சொல்வாராம்.

"முடிஞ்சிருச்சுன்னு சொன்னா, சாப்பிட்டேன், படிச்சேன்னு ரெண்டு நிமிஷத்துல வச்சுருவா. அதான் நானே இழுத்துக்கிட்டிருக்கேன். அடுத்து யாரு மேல சந்தேகப்படலாம், சொல்லுங்க."

சமையல்காரரைச் சொன்னேன்.

"அவரைத்தான் போன வாரம் கொன்னுட்டேனே" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு ஆள் வேண்டும். உங்களுக்கு யார் மேல் சந்தேகம்?