வீட்டுக்கு எடுக்கும் முதல் மீன்

எங்கள் பக்கத்து ரேஷன் கடைச் சுவரில், நுகர்வோர் விழிப்போடு இருக்க வேண்டும் என்று பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறது. காசு கொடுத்து வாங்குகிறவன் நுகர்வோன். அவன் கேள்வி கேட்டால் விற்கிறவன் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அதன் பொருள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் வேறு மாதிரி சொல்லிக்கொடுத்தார். தன் சாப்பாட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளத் தெரியாமல், இன்னொரு உயிரைத் தின்று பிழைப்பதெல்லாம் நுகர்வோர்தான். வெட்டுக்கிளி, தவளை, பாம்பு, கழுகு. தின்னப்பட்டது எதைத் தின்றதோ, அதுவும் தின்றவனுக்கு வந்து சேரும் என்றார். நான் அம்புக்குறி போட்டுப் படம் வரைந்து முழு மார்க் வாங்கினேன். அந்தப் படத்தில் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று யோசிக்கவில்லை.

எண்ணூர் முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் என் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். மாமா சின்னப் படகில் ஆற்றில் வலை போடுகிறவர். அந்த மீனை அக்கா திருவொற்றியூர் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்கிறாள். எனக்குப் பக்கத்து ஆலை ஒன்றில் கான்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்த காலைகளில் அக்காவின் கூடையை ஷேர் ஆட்டோவில் ஏற்றி இறக்கிக் கொடுப்பேன்.

அக்காவுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூடை கட்டுவதற்கு முன்னால், குவியலிலிருந்து வீட்டுக் குழம்புக்கு முதலில் மீன் எடுத்து வைத்துவிடுவாள். விற்றது போக மிஞ்சியதை அல்ல, முதல் மீனை. எங்கள் பக்கம் பல வீடுகளில் இது உண்டுதான், ஆனால் அக்காவுக்கு அது சத்தியம் மாதிரி.

"வூட்டுக்கு எடுக்காத மீனு கூடையில ஏறக்கூடாதுடா" என்பாள்.

ஒரு மழைக்காலத்தில் ஆற்றில் எண்ணெய் மிதந்து வந்தது. யார் விட்டது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கையைக் காட்டினார்கள். வலையெல்லாம் கறுத்து, படகெல்லாம் பிசுக்கு. மாதக்கணக்கில் ஆற்று மீனை நாய்கூட முகர்ந்து பார்க்கவில்லை. பிறகு மெல்ல மீன் வந்தது, மாமாவும் வலை போட்டார். மார்க்கெட்டில் மட்டும் சந்தேகம் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் ஆற்று மீனையே காசிமேட்டுக் கடல் மீன் என்று கூசாமல் சொல்லி விற்றார்கள். அக்கா சொல்லமாட்டாள்.

"ஆத்து மீனுதாம்மா. நாங்களே இத்தத்தான் துன்றோம். இன்னிக்கும் எங்க வூட்ல இதான் கொயம்பு."

அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் பிழைப்பு திரும்ப நிமிர்ந்தது. அடுக்குமாடி வீட்டு அம்மா ஒருவர் அந்த வார்த்தைக்காகவே அக்காவைத் தேடி வருவார். கேட்டு, பதில் வாங்கி, அப்புறம்தான் மீனைத் தொடுவார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் வாங்குவார்கள்.

போன மீன்பிடித் தடைக்காலத்தில், விசைப்படகுகள் எல்லாம் கரையில் கிடந்தபோது, அக்கா மகள் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வந்த அன்றே மடவை மீன் குழம்பு. மகள் தட்டை ஒதுக்கிவைத்தாள்.

"ஆத்து மீனு வோணாம்மா. நர்ஸம்மா எந்த ஊருன்னு கேட்டுச்சு. சொன்னதும், அந்தப் பக்கத்து மீனு, நண்டு ஒண்ணும் கொஞ்ச நாளிக்குத் தொடாதன்னுச்சு."

அக்காவுக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. "உன்ன வயித்துல வெச்சிகினு நான் இன்னாத்த துன்னேன்? இதே மடவைதான்!"

"அப்போ ஆறு வேறம்மா."

அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசலில் போய் நின்றுகொண்டாள்.

தடைக்காலத்தில் கடல் மீன் யானை விலை, குதிரை விலை. மறுநாள் மார்க்கெட் முடிந்ததும் அக்கா என்னைக் கூட்டிக்கொண்டு, ஆந்திராவிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும் கட்லா விற்கும் கடைக்குப் போனாள். கடல்காரர்களுக்கு ஏரி மீன் என்றாலே இளக்காரம். சேற்று நாற்றம் என்று மூக்கைப் பிடிப்போம். அக்கா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, துண்டு போடச் சொல்லிக் காசை நீட்டினாள். பக்கத்தில் அந்த அடுக்குமாடி அம்மா.

"என்னம்மா, நீயே இங்க வாங்குறே?"

"விருந்தாளி வந்துகிறாங்கம்மா" என்றாள் அக்கா. வாழ்க்கையில் மீன் விஷயத்தில் அவள் சொல்லி நான் கேட்ட ஒரே மழுப்பல் அதுதான். வீடு வரும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றிலிருந்து எங்கள் அடுப்பில் இரண்டு சட்டி. ஒன்றில் மகளுக்குக் கட்லா. இன்னொன்றில் எங்களுக்கு மடவை, அதுவும் வழக்கப்படி முதலில் எடுத்து வைத்தது. எங்கள் வீட்டிலும் கேள்வி கேட்டு, இது வேண்டாம் என்று சொல்லக்கூடிய நுகர்வோர் ஒருவர் இருந்தார். அவர் இன்னும் பிறக்கவில்லை, அவருக்காக அவர் அம்மா கேட்டாள். மற்ற மூன்று பேரும் வாத்தியார் சொன்ன வகை. ஊருக்கெல்லாம் விளக்கு எரிய, அனல்மின் நிலையங்களிலிருந்து எங்கள் ஆற்றில் எது எது விழுந்ததோ, அதை மீன் தின்றது, மீனை நாங்கள் தின்றோம். மின்சாரம் வாங்கிய நுகர்வோர் சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

நாலைந்து நாள் கழித்து அந்த அம்மா அக்காவின் முன்னால் வந்து நின்றார். கூடையில் நல்ல மடவை, கண் கலங்காத மீன். வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"உங்க வீட்லயும் இதானே?"

அக்கா கையிலிருந்த மீனைத் திரும்பக் கூடையில் வைத்தாள். நான் உள்ளுக்குள், ஆமான்னு சொல்லித் தொலையேன் என்று கத்திக்கொண்டிருந்தேன்.

"எம் பொண்ணு மாசமா கீதும்மா. அதுக்கு நான் இத்தக் குடுக்கல. நாங்க துன்றோம். அவ்ளோதான் சொல்லுவேன். இஸ்டம்னா எடு."

பக்கத்தில் மீன் கிளறிக்கொண்டிருந்த இரண்டு பேர் கையைத் துடைத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அந்த அம்மா நகரவில்லை. பழகிய முகத்தை வெறுங்கையோடு விட்டுப் போக மனசு வரவில்லை போலிருக்கிறது. நல்ல மனுஷிதான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

"சரி, நாலு குடு. வீட்டுப் பூனைக்குப் போட்டுக்கறேன்."

அக்கா மீனை எடுத்துச் செதில் உரசினாள். செவுளைக் கிள்ளி, குடலை எடுத்து, இரண்டு தண்ணீர் விட்டு அலசினாள்.

"பூனைக்குத்தானேம்மா, அப்படியே குடேன்" என்றார் அந்த அம்மா.

அக்கா நாலாவது மீனையும் அதே பதத்தில் சுத்தம் செய்து, பையில் போட்டுக் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு யாரும் வாங்கவில்லை. வெயில் ஏறியதும் கூடையோடு திரும்பிவிட்டோம். புளி கரைத்து, மிளகாய்த்தூள் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, காலையில் எடுத்து வைத்ததோடு மிச்சமிருந்த மடவையையும் சேர்த்து அக்கா எங்களுக்குக் குழம்பு வைத்தாள். மாமாவுக்கு மார்க்கெட்டில் நடந்தது தெரியாது. குழம்பு அருமை என்று இரண்டாவது தடவையும் சோறு போட்டுக்கொண்டார். அக்கா அவர் தட்டில் இன்னொரு மீனை எடுத்து வைத்தாள்.