மெர்வின் எரித்த பார்க்கிங் சீட்டுகள்

வட இங்கிலாந்தின் கீத்லி ஊரில் மெர்வின் இங்காமைப் பார்த்துச் சிரித்தவர்கள் இரண்டே வகை. அவர் யாரென்று தெரியாதவர்கள், கார் இல்லாதவர்கள். முப்பது வருடம் நகராட்சித் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தப்பான இடத்தில் நின்ற வண்டிகளுக்கெல்லாம் அபராதச் சீட்டு எழுதிய மனிதர் அவர். மழையில் நனையாதபடி சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, வைப்பருக்கு அடியில் செருகி, கண்ணாடியை இரண்டு விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். கடமையைத்தான் செய்தேன் என்பார். கடமை செய்கிறவன் எதற்குத் தட்ட வேண்டும்?

கல்யாணக் காருக்கு எழுதியிருக்கிறார். சவ வண்டிக்கு எழுதியிருக்கிறார். பாதிரியாருக்கு இரண்டு முறை. யார் ஓடிவந்து கெஞ்சினாலும் அவரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

"எழுதியாச்சு. எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

அது பொய்யில்லை. கையிலிருந்த கருவியில் வண்டி எண்ணைத் தட்டி முடித்துவிட்டால் அதற்கப்புறம் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் தட்டி முடிப்பதற்கு முன்னால் ஒரு நொடி நிமிர்ந்து பார்க்கலாம் அல்லவா? மெர்வின் நிமிர மாட்டார். மீன் வறுவல் கடையில் வேலை பார்க்கும் லொரேன், காய்ச்சலில் துவண்ட கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, மருத்துவர் வாசலிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவந்த அன்றும் அவர் நிமிரவில்லை. கடைசி எண்ணைத் தட்டிவிட்டுத்தான் நிமிர்ந்தார். அவளுக்கும் அதே பதிலைச் சொன்னார். கண்ணாடியையும் தட்டினார்.

ஊர் சும்மா விடவில்லை. அவருடைய சொந்தக் காரின் டயர்களில் காற்று நின்றதே இல்லை. அவர் மனைவி ஹேசல் முடிவெட்டும் கடையில் தன் பிறந்த வீட்டுப் பெயரைச் சொல்லித்தான் நேரம் வாங்குவாள். லொரேனின் பழி இன்னும் சின்னது, அதனால் இன்னும் சுருக்கென்று குத்துவது. மீன் பொரியும்போது எண்ணெயில் உதிரும் மொறுமொறு மாவுத் தூளை எங்கள் பக்கத்துக் கடைகளில் காசில்லாமல் ஒரு கரண்டி அள்ளிப் போடுவார்கள். கேட்டால் எவருக்கும் உண்டு. மெர்வின் கேட்டால் மட்டும் லொரேன், "தூள் தீர்ந்துபோச்சு" என்பாள். கண்ணாடிக்குப் பின்னால் தூள் மலையாகக் குவிந்து கிடக்கும். இருவரும் அதைப் பார்ப்பார்கள். அவர் காசைக் கொடுத்துவிட்டுப் போவார்.

ஓய்வு பெற்ற பிறகு மெர்வின் சனிக்கிழமை தோறும் பப்புக்குப் போகத் தொடங்கினார். அவர் உட்கார்ந்த மேசையில் இன்னொருவர் உட்காரவில்லை. ஒரு கிளாஸ் பியரை ஒரு மாலை முழுக்க வைத்துக் குடிப்பது எப்படி என்று அவரைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

அவருக்கு விமோசனம் கொடுக்க ஒரு கம்பெனி வந்தது. பெயர் வேண்டாம், சொன்னால் வாய் கழுவ வேண்டியிருக்கும். மூடிப்போன கம்பளக் கடைக்குப் பின்னால் ஒரு காலி மனை இருக்கிறது. பக்கத்துப் பல் மருத்துவரிடம் வருகிறவர்கள் அங்கேதான் வண்டியை நிறுத்துவார்கள். ஒரு நாள் அங்கே ஒரு கம்பம் முளைத்தது. கம்பத்தில் ஒரு கேமரா, அதற்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் ஒரு பலகை. முதலாளியை யாரும் பார்த்ததில்லை. முகவரி எங்கோ தெற்கே ஒரு தபால் பெட்டி. நிலத்தைக் கூட்டுவதில்லை, குழியை மூடுவதில்லை, ஒரு விளக்குப் போடவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து ஊரிலுள்ள அத்தனை பேருக்கும் நூறு பவுண்டு கேட்டுத் தாள் அனுப்புவது ஒன்றுதான் அவர்கள் பார்த்த வேலை. அந்தத் தாளும் நகராட்சிச் சீட்டின் அதே நிறம், அதே கோடு, அதே அதட்டல். ஒட்டு மீசை வைத்துக்கொண்டு வந்த போலீஸ்காரன் மாதிரி.

அப்படி ஒரு தாளை ஒரு சனிக்கிழமை பப்பில் குழாய் வேலைக்காரர் டெர்ரி உரக்கப் படித்தார்.

"நூறு பவுண்டாம். பதினாலு நாள்ல கட்டினா அறுபதாம். ஏதோ சட்டை விக்கிறவன் மாதிரி தள்ளுபடி வேற குடுக்கறான்."

மெர்வின் தன் தனி மேசையிலிருந்து எழுந்து வந்தார். "இங்க கொண்டா அதை."

டெர்ரி தயங்கிக் கொடுத்தார். மெர்வின் அதை ஓரத்தில் மட்டும் பிடித்தார், செத்த எலியை வாலில் பிடிப்பது போல.

"இது அபராதமே இல்லய்யா. பில்லு. எவனோ ஒருத்தன் உனக்கு பில்லு அனுப்பிருக்கான். அபராதம் போடணும்னா அரசாங்கம் உனக்குத் தொப்பி குடுக்கணும். நான் தொப்பி போட்டு எழுதினேன். இவன் தலையில என்ன இருக்கு? தலையே இல்ல, கம்பந்தான் இருக்கு."

"அப்ப கட்ட வேணாங்கறீங்களா?"

"கட்டறதா? இனிமே வந்தா பிரிச்சே பாக்காத. சிவப்பு எழுத்துல வரும், வக்கீல் பேர்ல வரும், வசூல்காரன் பேர்ல வரும். எல்லாம் ஒரே வீட்டு அண்ணன் தம்பிங்க. வந்ததை வந்தபடி நெருப்புல போடு."

சொல்லிவிட்டு அவரே போட்டார். கணப்பில் தாள் சுருண்டு எரிந்தது. பப் முழுக்கக் கை தட்டியது. மெர்வினுக்கு யாரும் கை தட்டியது அதுதான் முதல் தடவை.

டெர்ரிக்கு அதிர்ஷ்டம், கம்பெனி அவரை மறந்துவிட்டது. அது மெர்வினின் திறமை என்று ஊர் எடுத்துக்கொண்டது. அடுத்த சனிக்கிழமை மூன்று பேர் தாளோடு வந்தார்கள், அதற்கடுத்த வாரம் இன்னும் பலர். கணப்புக்குப் பக்கத்து நாற்காலி மெர்வினுடையதாயிற்று. வாங்கிக் கொடுத்த பியர் வரிசையில் நின்றது. டயரில் காற்று தங்கியது. நேற்று வரை முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களெல்லாம் "வாங்க தலைவரே" என்றார்கள். ஊரின் மானம் அவ்வளவுதான். நூறு பவுண்டு மிச்சமாகும் என்றால் யாரை வேண்டுமானாலும் தோளில் தூக்கும்.

அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் கொடுமை. அது அபராதம் இல்லை, பில்தான். ஆனால் பில் அனுப்பியவன் கோர்ட்டுக்குப் போகலாம். வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவர் மேலேயே வழக்குப் போடலாம் என்று சட்டம் எப்போதோ மாறியிருந்தது, மெர்வின் தொப்பியைக் கழற்றுவதற்கும் முன்னால். அவருக்கு அது தெரியாது. தொப்பி இல்லாதவர்களைப் பற்றித் தெரிந்துகொள்வது தன் மரியாதைக்குக் குறைச்சல் என்று நினைத்தார்.

ஹேசல் சொல்லத்தான் செய்தாள். நூலகத்தில் இலவச ஆலோசனை சொல்ல ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், அவளிடம் கேட்டுவிட்டு வந்தாள்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கட்டவும் வேணாமாம், எரிக்கவும் வேணாமாம். பதில் எழுதணுமாம். நம்ம பக்கம் நியாயம் இருந்தா ரத்து பண்ண வழி இருக்காம். கோர்ட்லேர்ந்து வர்றதை மட்டும் கட்டாயம் பிரிச்சுப் பாக்கணுமாம்."

"முப்பது வருஷம் நான் பாத்த வேலையை அங்க உக்காந்திருக்கறவ எனக்குச் சொல்லித் தரப்போறாளா?"

"நீ பாத்தது வேற வேலைங்கறா அவ."

மெர்வின் பேப்பரைத் தூக்கி முகத்துக்கு முன்னால் வைத்துக்கொண்டார். ஆனால் சொன்னது உள்ளே போய்விட்டது. அந்தச் சனிக்கிழமை பப்புக்குக் கிளம்பும்போது எல்லோரிடமும் சொல்லிவிடுவது என்றுதான் கிளம்பினார். கதவைத் திறந்தார். டெர்ரி அவருடைய நாற்காலியைத் துண்டால் துடைத்து வைத்திருந்தார். மெர்வின் உட்கார்ந்தார். அதற்கப்புறம் எப்படிச் சொல்வது? சொன்னால் மறுபடியும் அந்தத் தனி மேசைக்குப் போக வேண்டும்.

சில நாள் கழித்து மீன் கடையில் வரிசை நின்றிருக்கும்போது லொரேன் அவரைப் பார்த்துக் கை காட்டினாள்.

"மெர்வின், எனக்கும் ஒண்ணு வந்திருக்கு. பல்லு புடுங்கப் போனேன். அங்க வரவேற்புல ஒரு திரை இருக்குமே, அதுல வண்டி நம்பரைத் தட்டினா இந்தத் தாள் வராது. அன்னிக்கு அது வேலை செய்யல. பரவாயில்ல, போங்கன்னு அந்தப் பொண்ணே சொன்னா. அன்னிக்கு வந்தேன்னு டாக்டர் குடுத்த சீட்டு எங்கிட்ட இருக்கு. அதை வெச்சு ஒரு லெட்டர் எழுதிப் போடட்டுமா?"

ஆமாம், போடு என்று சொல்லியிருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். மெர்வினுக்கு ஹேசல் சொன்னது ஞாபகம் வந்தது. வாயையும் திறந்தார். ஆனால் வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி அவர் வாயையே பார்த்தார்கள். போன வாரம் எரித்தவர் இரண்டு பேர் அதில் இருந்தார்கள்.

"எழுதினா நீ அவனை ஒரு ஆளா மதிச்ச மாதிரி ஆயிடும் கண்ணு," என்றார். "சனிக்கிழமை கொண்டா. எரிச்சிடலாம்."

வரிசை சிரித்தது. லொரேனும் சிரித்தாள். பழையதை அவள் மறந்துவிட்டாளா, மன்னித்துவிட்டாளா, தெரியாது. ஒரு கரண்டி தூள் அள்ளிப் போட்டாள். அதற்கு மேல் இன்னொரு கரண்டி. மெர்வின் அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் பொட்டலத்தைத் திறந்து தூளை எடுத்துத் தின்றுகொண்டே போனார்.

லொரேன் முதல் தாளோடு நிறுத்தவில்லை. மாதக்கணக்கில் வந்ததையெல்லாம் பிரிக்காமல் சேர்த்து, ரப்பர் பேண்டு போட்டு ஒரு சனிக்கிழமை கொண்டுவந்தாள். மெர்வின் ஒவ்வொன்றாக உருவி நெருப்பில் போட்டார். ஒவ்வொன்றுக்கும் பப் ஒரு கூச்சல் போட்டது. ஒன்று மட்டும் தடிப்பாக இருந்தது. தாளும் வேறு மாதிரி. முப்பது வருடம் அரசாங்க உறைகளைத் தொட்ட விரல்களுக்கு அது தெரியாமலா போகும்? தெரிந்தது. கை ஒரு நொடி நின்றது.

"என்ன தலைவரே, சூடு பட்டுச்சா?" என்றார் டெர்ரி.

மெர்வின் அதையும் போட்டார். அது தடிப்பாக இருந்ததால் எரிய நேரம் எடுத்தது.

அந்த வருடக் கடைசியில் மீன் கடை முதலாளி எரிக் என்பவருக்குக் கால் முடியவில்லை. இத்தனை வருடம் அடுப்படியில் நின்ற லொரேனுக்கே கடையைக் கொடுப்பது என்று பேசி முடித்தார். விலையும் அவளால் முடிகிற விலை. பேங்கில் கடன் மட்டும் கிடைக்க வேண்டும். கிடைத்துவிட்டது போலத்தான் இருந்தது. புதுப் பலகைக்கு என்ன நிறம் அடிப்பது என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பேங்க் முடியாது என்றது. அவள் மேல் கோர்ட் தீர்ப்பு ஒன்று இருக்கிறதாம். பார்க்கிங் கம்பெனி போட்ட வழக்குக்குப் பதில் சொல்லாததால் அவள் இல்லாமலே எழுதிய தீர்ப்பு. ஒரு மாதத்துக்குள் கட்டியிருந்தால் பதிவிலிருந்தே எடுத்திருப்பார்கள். அதைச் சொன்ன கடிதத்தையும் பிரிக்காமல் போட்டாயிற்று. இனி ஆறு வருடம் அவள் பெயரில் அந்தக் கறை இருக்கும். எரிக் ஆறு வருடம் காத்திருப்பாரா? மின்சிகரெட் விற்கிற ஒருவனுக்குக் கடையை எழுதிக் கொடுத்துவிட்டார். தெற்கே தபால் பெட்டியில் உட்கார்ந்திருக்கிற கம்பெனிக்கு லொரேன் என்று ஒருத்தி இருப்பதுகூடத் தெரியாது. அவர்களுக்கு அவள் ஒரு வண்டி எண்.

இதை மெர்வினுக்குப் பப்பில் வைத்துச் சொன்னது டெர்ரிதான். கணப்புக்குப் பக்கத்து நாற்காலியில் டெர்ரியின் கோட்டு கிடந்தது. மெர்வின் வந்து நின்ற பிறகும் டெர்ரி அதை எடுக்கவில்லை.

"நீயும்தானே கை தட்டின," என்றார் மெர்வின்.

"நாங்க என்னத்தைக் கண்டோம்? எல்லாம் தெரிஞ்சவர் நீங்கதானே. நீங்கதானே எரிச்சீங்க."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். அதே தலைகள், அதே ஆட்டம். அதில் மூன்று பேர் அன்று வீட்டுக்குப் போன உடனேயே கம்பெனிக்குப் பயந்து பணம் கட்டிவிட்டார்கள் என்பது தனிக்கதை.

வீட்டில் ஹேசல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "முடிவெட்டற கடையில மறுபடியும் எங்கப்பா பேரைத்தான் சொல்லணும் போல," என்றாள். அவள் திட்டியிருக்கலாம் என்று மெர்வினுக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை அவர் மீன் கடைக்குப் போனார். தீர்ப்பில் போட்டிருந்த பணத்தை ஓர் உறையில் வைத்து எடுத்துக்கொண்டார். வரிசை வாசலைத் தாண்டி நடைபாதைவரை நின்றது. முன்னால் போ என்று யாரும் வழி விடவில்லை, அவரும் கேட்கவில்லை. தன் முறை வந்ததும் உறையைக் கண்ணாடி மேல் வைத்தார்.

"ஹேடக் மீன் ஒண்ணா?" என்றாள் லொரேன்.

"லொரேன், அது கோர்ட் உறைன்னு எனக்குத் தெரியும். கையில எடுத்தப்பவே தெரியும். நானே பேங்குக்கு வந்து சொல்றேன். கோர்ட்டுக்கும் எழுதறேன். உன்மேல தப்பில்ல, என்மேலதான்னு சொல்றேன்."

அவள் மீனைத் தாளில் வைத்தாள். உருளைக்கிழங்கை அள்ளிப் போட்டாள். உப்புத் தூவினாள், வினிகர் தெளித்தாள். கை எப்போதும்போல ஓடியது.

"பல் டாக்டர் சீட்டு இன்னும் என் பையிலதான் இருக்கு," என்றாள். "ஒரு ஸ்டாம்பு ஒட்டிப் போட்டிருந்தா தீந்திருக்கும்."

"அதான் சொல்றேன், ஏதாவது பண்ணி..."

"எழுதியாச்சு மெர்வின்." அவள் பொட்டலத்தை மடித்தாள். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. "எழுதினதை அழிக்க எனக்கு அதிகாரம் இல்ல."

உறையை அவர் பக்கமே தள்ளினாள். மீனுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு சரியாகச் சில்லறை கொடுத்தாள். மெர்வின் நகரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் பொன்னிறத்தில் தூள் குவிந்து கிடந்தது. அவர் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதை அவளும் பார்த்தாள்.

"தூள் தீர்ந்துபோச்சு," என்றாள் லொரேன். பிறகு கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னால் பார்த்து, "அடுத்து யாரு?" என்று கேட்டாள்.