கட்டைவிரலுக்குப் பதினோரு நாள் லீவு

இலவச பஸ் பாஸில் நடந்த மோசடியைப் பற்றி எழுத உட்கார்ந்தால், நியாயமாக முதலில் என்னைப் பற்றித்தான் எழுத வேண்டும். மற்றவர்களை விட்டுவிடலாம். என்னை விட முடியாது, கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து எனக்கு வலது கால் சூம்பிப் போனது. முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டுதான் நடப்பேன். தூரத்திலிருந்து பார்த்தால் ஒவ்வோர் அடிக்கும் யாருக்கோ குனிந்து வணக்கம் வைக்கிற மாதிரி இருக்கும். காஞ்சிபுரத்தில், அதிலும் பிள்ளையார்பாளையத்தில் பிறந்துவிட்டு, மிதிக்கக் கால் இல்லையென்றால் தறியில் உட்கார முடியாது. அதனால் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், பிணைக்கப் போனேன். தறியில் ஒரு பாவு தீர்ந்ததும், புதுப் பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் மிச்ச இழையோடு சேர்த்து, சாம்பலைத் தொட்டு, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஓர் உருட்டு உருட்ட வேண்டும். முடிச்சே கிடையாது, முறுக்குதான். ஒரு பாவில் நாலாயிரத்துக்கு மேல் இழை. இந்த வேலைக்குக் கால் தேவையில்லை. ஆனால் வேலை இருக்கிற வீட்டுக்குப் போகக் கால் வேண்டும். அந்தக் குறையை டவுன் பஸ்ஸும் ஊனமுற்றோர் இலவச பாஸும் தீர்த்து வைத்திருந்தன.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்த நேரம். ஊரில் கலர் ஜெராக்ஸ் கடைகள் பெருகின, பாஸ்களும் பெருகின. பக்கத்து நெசவு ஊரான ஐயம்பேட்டைக்குப் போகிற பஸ்ஸில் நொண்டிக்கொண்டு ஏறியவர்கள் இறங்கியதும் குடுகுடுவென்று ஓடினார்கள். இத்தனை கோயில் இருக்கிற ஊரில் எந்தச் சந்நிதியிலும் இவ்வளவு பேர் குணமானதில்லை.

என் பங்குக்கு நான் என் பாஸை மச்சானுக்குக் கொடுத்தேன். என் மனைவியின் தம்பி, ஐயம்பேட்டையில் தறி வைத்திருப்பவன். எங்கள் வீட்டுக்கு வந்தவன் திரும்பிப் போகும்போது கேட்டான். பாஸில் இருந்த என் முகம் வெளுத்துப் போய், யாருடைய முகமாகவும் இருக்கத் தயாராக இருந்தது. கொடுத்ததோடு நிற்காமல், முட்டியை எப்படிப் பிடிப்பது, இடுப்பை எங்கே சாய்ப்பது என்று வீட்டுக் கூடத்தில் நடக்கவும் பழக்கிவிட்டேன். பிரமாதமாக நொண்டினான். என்னைவிட நன்றாக. ஆனால் பஸ்ஸில் ஏறும்போது இடது முட்டியைப் பிடித்துக்கொண்டான். கண்டக்டர் என்னைப் பல வருஷமாக அறிந்தவர். "பாஸுல இருக்கிறவருக்கு வலது காலாச்சே. எந்தக் கால்னு முடிவு பண்ணிட்டு ஏறுப்பா" என்றாராம். பாஸ் போனது. நான் டிப்போவுக்குப் போய், இனி செய்ய மாட்டேன் என்று மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துத் திரும்ப வாங்கினேன். கடிதம் என் ஃபைலில் தங்கிவிட்டது.

அப்புறம்தான் எலக்ட்ரானிக் கார்டு வருகிறது என்றார்கள். காகித பாஸ் செல்லாது. கார்டுக்குள்ளேயே போட்டோவும் வலது கட்டைவிரல் ரேகையும் இருக்கும், கண்டக்டரிடம் உள்ள மெஷினில் வைத்தால் ஆள் யாரென்று சொல்லிவிடும். போலி பாஸ்காரர்கள் வாடிப் போனார்கள். எனக்குக் குஷி. ஒரு தடவை மாட்டிக்கொண்டு அசடு வழிந்தவன் என்பதால், இனி என்னை யாரும் சந்தேகமாகப் பார்க்க முடியாது என்பது பெரிய விஷயமாகத் தோன்றியது. ரேகை பளிச்சென்று விழ வேண்டுமே என்று முந்தின நாளே புளியும் செங்கல் பொடியும் போட்டு விரலைத் தேய்த்தேன். மனைவி பார்த்துவிட்டு, "இன்னா, வெரலுக்குக் கும்பாபிஷேகமா?" என்று கேட்டாள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபத்தில். மணமக்கள் உட்காரும் மேடையில் அதிகாரி அம்மா, பக்கத்தில் மெஷினோடு ஒரு பெண். கண்ணாடியில் கட்டைவிரலை வைத்தேன். கம்ப்யூட்டர் திரை வெள்ளையாக இருந்தது. துடைத்துவிட்டு வைத்தேன். வெள்ளை. அழுத்தி வைத்தேன். அதைவிட வெள்ளை. "உங்களுக்கு ரேகையே இல்லீங்களே" என்றாள் அந்தப் பெண், ஏதோ நான் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்தது போல. இருபது வருஷம் சாம்பலும் பட்டும் தின்றது போக மீதி ஏதாவது இருந்திருந்தாலும், அதைச் செங்கல் பொடி போட்டு நானே கழுவிவிட்டிருந்தேன்.

அதிகாரி அம்மா என் ஃபைலைப் புரட்டினார். கடிதம் கண்ணில் பட்டது. "ஏற்கெனவே பாஸை வேற ஆளுக்குக் குடுத்திருக்கீங்க. இப்ப ரேகையும் இல்ல. நான் எதை வச்சு நம்பறது?"

அவர் வெளியூர்க்காரர். பாவு பிணைப்பதைப் பற்றி நான் மூச்சுவிடாமல் சொன்னேன். கேட்டுவிட்டு என் விரலைப் பிடித்து விளக்குக்கு நேராகத் திருப்பிப் பார்த்தார். வேலையை நிறுத்தினால் ரேகை மறுபடி வளரும், பன்னிரண்டாம் நாள் கடைசி முகாம் இருக்கிறது, வாருங்கள் என்றார். பழைய பாஸை வாங்கி வைத்துக்கொண்டார். நான் கிளம்பும்போது, "அன்னிக்கும் விழலைன்னா, நீங்க நீங்கதான்னு என்னால எழுதித் தர முடியாதுங்க" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயம் வந்தது. கார்டு இல்லாவிட்டால் தினமும் போக வர டிக்கெட். பிணைத்த கூலி பஸ்ஸோடு போய்விடும், நான் பிள்ளையார்பாளையத்துக்குள்ளேயே வணக்கம் வைத்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

ஆக, என் கட்டைவிரல் லீவு எடுத்தது. விளக்கெண்ணெய் தடவி, பஞ்சு வைத்து, மெல்லிய துணி சுற்றினாள் மனைவி. சோறு பிசையத் தடை. ஸ்பூனில் ரசம் சோறு சாப்பிட்டேன், அது மூக்கைத் தவிர எங்கேயும் சரியாகப் போகவில்லை. தெருவில் போகிறவர்கள் என்னை விட்டுவிட்டு விரலை விசாரித்தார்கள். எதிர்வீட்டுக்காரர் ஜரிகை பார்க்கிற லென்ஸை எடுத்துக்கொண்டு தினமும் காலையில் வருவார். நான்காம் நாள் ஒன்றுமில்லை என்றார். ஆறாம் நாள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூணு கோடு தெரியுதுபா" என்றார். மனைவி அவருக்குக் காபி கொடுத்தாள்.

எட்டாம் நாள் மச்சான் வந்தான். முகூர்த்த மாதம். அவன் தறியில் பாவு தீர்ந்து சும்மா நிற்கிறது, கல்யாணப் புடவை ஒன்று அதில் இறங்க வேண்டும், பிணைக்கிறவர்கள் யாரும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒருவர் பிணைத்ததில் பாதி, இழைகளைச் சீப்பு மாதிரிப் பிரித்து நிறுத்துகிற அச்சில் மோதி அறுந்து, அவரும் கோபித்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி முந்திக்கொண்டாள். "அவுரு வெரல அவுத்தா கார்டு போச்சு. அப்புறம் நீதான் தூக்கிக்கினு அலையணும்."

மச்சான் என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னான்: "நான் ஒண்ணும் கேக்கல மாமா. அந்த ஆளு உன்ன விட நல்லா பிணைப்பேன்னு சொல்லிக்கினு இருந்தாரு. அத்த சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

இரக்கப்பட்டுப் போனேன் என்று எழுத ஆசைதான். ஆனால் நான் போனது வீம்பில். பஸ்ஸில் காசை நீட்டினேன். அதே கண்டக்டர் பதறிவிட்டார். "இன்னாண்ணே, டிக்கெட்டு எடுக்கிற? உடம்பு கிடம்பு சரியில்லியா?" துணி சுற்றிய விரலைக் காட்டி, பாஸுக்கு ஓனர் இவர்தான், லீவில் இருக்கிறார் என்றேன்.

தறிக்கு முன்னால் உட்கார்ந்ததும் இடது கையால் உருட்ட ஆரம்பித்தேன். இழை நழுவியது, அறுந்தது, ஒன்றுக்குப் பதில் மூன்று சேர்ந்தது. வலது கட்டைவிரலோ கூப்பிடாமலே வந்து வந்து நின்றது. மச்சானிடம் அதை உள்ளங்கையோடு சேர்த்துக் கட்டச் சொன்னேன். அவன் இழை இழையாகப் பிரித்துக் கொடுக்க, வலது கையின் மீதி விரல்கள் பிடித்துக்கொள்ள, இடது கை குழந்தை எழுதுகிற மாதிரி உருட்டியது. வழக்கமாக ஒரு பகலில் முடிகிற வேலைக்கு மூன்று பகல் ஆயிற்று. கடைசியில் பிணைத்த இடத்தை அச்சுக்குள் இழுக்க வேண்டும். மச்சான் இழுத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். நாலாயிரத்துச் சொச்சம் இழையும் தாண்டின. ஒன்றுகூட விலகவில்லை. வலது கையால்கூட நான் அப்படிப் பிணைத்ததாக ஞாபகம் இல்லை. மச்சான் குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தான். "அந்த ஆளு ஒண்ணும் சொல்லல மாமா. நானாத்தான் சொன்னேன்" என்றான். தெரியும் என்றேன். பொய்தான், எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் நாள் மண்டபத்தில் மெஷின் முன்னால் துணியை அவிழ்த்தேன். முதல் தடவை வெள்ளை. இரண்டாம் தடவை ஓரத்தில் ஏதோ தூசி மாதிரி. அதிகாரி அம்மா எழுந்து வந்து, விரலை நெற்றியில் ஒரு தடவை துடைத்து, அந்த ஈரத்தோடு வைக்கச் சொன்னார். வைத்தேன். திரையில் கோடு கோடாக எழுந்து வந்தது. நடுவில் ஒரு சுழி, கொஞ்சம் கோணல். அந்தப் பெண் திரையை என் பக்கம் திருப்பினாள். என் ரேகையை நான் அதுவரை பார்த்ததே இல்லை. பாவில் இழை ஓடுகிற மாதிரியே ஓடியது, நெருக்கமாக, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். சுத்தமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

"நீங்கதான்" என்றார் அதிகாரி அம்மா. கையெழுத்துப் போட்டார்.

கார்டை வாங்கிக்கொண்டு இறங்கியபோதுதான் மண்டபத்தின் ஒரு பக்கம் ஏழெட்டுப் பேர் தனியாக உட்கார்ந்திருந்ததைக் கவனித்தேன். எல்லோருக்கும் திரை வெள்ளை. ஒருவர் என்னைப் போலப் பிணைப்பவர், ஓர் அம்மா சாயம் தோய்ப்பவர், இன்னொருவர் ஜரிகை சுற்றுபவர். எங்கள் ஊரில் கால் கைவிட்டவர்களுக்கு விரல்தான் சோறு போடுகிறது. கார்டு கேட்டது அந்த விரலை. அதிகாரி அம்மாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். இவர்களுக்காக இன்னொரு முகாம் கேட்டு எழுதுகிறேன், அதுவரை விரலை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று நீங்களே சொல்லுங்கள் என்று என்னை மேடையில், மாப்பிள்ளை உட்கார்கிற நாற்காலியில் உட்கார வைத்தார். என் கல்யாணத்தில்கூட எனக்கு அவ்வளவு நல்ல நாற்காலி கிடைக்கவில்லை.

எண்ணெய், பஞ்சு, துணி எல்லாம் சொன்னேன். சாயம் தோய்க்கிற அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பத்து நாள் சும்மா குந்திக்கினு இருந்தா சோறு யாருப்பா போடுவாங்க?" என்றார். நான் சட்டை ஓரத்திலிருந்து இரண்டு நூல் பிய்த்து, இடது கையால் உருட்டிக் காட்டினேன். எல்லோரும் இழுத்துப் பார்த்தார்கள். அறுந்துபோகவில்லை. அப்புறம் ஒவ்வொருவராக அவரவர் இடது கையை நீட்டினார்கள்.

அன்றைக்கு அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்து முடிப்பதற்குள் மூன்று ஐயம்பேட்டை பஸ் என் கண்ணெதிரே போயின. மூன்றிலும் நான் ஏறியிருக்கலாம், சட்டப்படி.