காப்போடு போன பம்பை

வளைவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டுதான் தணிகைவேல் டீ குடிப்பார். டீக்கடை அந்தப் பக்கம். கரிக்கலாம்பாக்கத்து வயலில் மண்ணடித்து மனை போட்டவர்கள் ரோட்டோரம் கட்டிவிட்டுப் போன சிமெண்டு வளைவு அது. ஊரின் பழைய எல்லைக்கல் அந்த வளைவுக்கு அடியில் புதைந்துபோனது என்பார் சிலர். இல்லை, இன்னும் நாலு மனை தள்ளி இருந்தது என்பார் சிலர். எதற்கு வம்பென்று அவர் வளைவையே எல்லையாக வைத்துக்கொண்டார். கையை மட்டும் நீட்டித் தம்ளரை வாங்குவார். கை தாண்டுகிறதே என்று யாராவது கேட்டால், "கை போனா போவுது. கால்தான் தாண்டக் கூடாது" என்பார். சொல்லிவிட்டு, அப்படித்தானா என்று தாமே கொஞ்ச நேரம் யோசிப்பார்.

அவருடைய வலது மணிக்கட்டில் ஒரு மஞ்சள் நூல் இருக்கிறது. மஞ்சள் போய் அழுக்கு நிறம் வந்துவிட்டது. அம்மன் திருவிழாவுக்குக் கட்டிய காப்பு அது. காப்புக் கட்டிய ஆள் அதை அவிழ்க்கிற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கறி மீன் தொடக் கூடாது. சாவு விழுந்த வீட்டையும் பிள்ளை பெற்ற வீட்டையும் மிதிக்கக் கூடாது. மற்றவர்கள் எப்படியோ, பம்பைக்காரர் தணிகைவேல் குடும்பத்தில் பம்பைக்கும் சேர்த்துத்தான் காப்பு. முதலில் பம்பைக்குக் கட்டி, அப்புறம் ஆளுக்கு. அவிழ்ப்பதும் அதே வரிசைதான். பம்பையில் நூல் இருக்க, ஆள் கையில் அவிழ்த்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவருடைய அப்பன் சொல்.

ஒரு வாரம் பத்து நாளில் முடிகிற சங்கதி. இந்தத் தடவை மார்கழியில் கட்டியது, மாசி பிறந்தும் அவிழவில்லை. ஆள் இங்கே இருக்கிறார். பம்பை எந்த நாட்டில் இருக்கிறதென்று தெரியவில்லை.

பம்பை என்பது இரட்டைக் கொட்டு. ஒன்று மரம், ஒன்று வெண்கலம். இரண்டையும் சேர்த்துக் கட்டி இடுப்பில் மாட்டிக்கொண்டு, குச்சியால் அடித்தபடி அம்மனை வர்ணித்து அவர் பாடத் தொடங்கினால், சும்மா வேடிக்கை பார்க்க வந்த பெண்களும் கூந்தலை அவிழ்த்துக்கொண்டு ஆடுவார்கள். அவருக்கு மட்டும் ஒருநாளும் சாமி வந்ததில்லை. "எனக்கும் வந்துட்டா அப்பால கொட்டறது யாரு?" என்பார். பம்பை இல்லாத நேரத்திலும் விரல் சும்மா கிடக்காது. குடம், சைக்கிள் சீட்டு, சாப்பிட உட்கார்ந்தால் எவர்சில்வர் தட்டு. அவர் மனைவி அமுதம் கரண்டியும் கையுமாக நிற்பாள். "சோறு போடட்டா, இல்ல சாமி வந்து ஆடட்டா? ஒண்ணு சொல்லு."

அமுதத்தின் தம்பி வீரமணி பிரெஞ்சுக்காரர்களின் ரெயூனியன் தீவில் இருக்கிறான். அங்கே தைப்பொங்கலை ஒட்டித் தீமிதி. புதுப் பம்பை வாங்கினால் தோல் பழகி வாய் திறக்க வருஷமாகும் என்பதால், மாமாவின் பம்பையையே அனுப்பச் சொன்னான். திருவிழா முடிந்ததும் திருப்பி அனுப்புவதாகப் பேச்சு. அம்மன் எதிரில் வைத்துக் காப்புக் கட்டி அனுப்புங்கள் என்றும் கேட்டான். பம்பை தம்மை விட்டுத் தனியாக ஒருநாளும் போனதில்லை என்பதைத் தணிகைவேல் அந்த நேரத்தில் நினைத்துப் பார்க்கவில்லை. வழக்கம்போல் பம்பைக்குக் கட்டினார், தமக்கும் கட்டிக்கொண்டார். அமுதத்தின் பழைய சேலையைச் சுற்றிப் பெட்டியில் வைத்து, வீட்டுக்கே வந்த பார்சல்காரனிடம் கொடுத்தார். வண்டி வளைவைத் தாண்டின பிறகுதான் தம் மணிக்கட்டைப் பார்த்தார்.

மனை விற்கிற ஆபீசில் இருக்கும் கலைவேந்தன்தான் பார்சல் போகிற வழியைப் போனில் பார்த்துச் சொல்லுவான்.

"சென்னையில இருந்து பம்பாய் போயி, அங்கேருந்து பாரீசுக்குப் போயிருக்கு மாமா."

"பாரீசுக்கு எதுக்குடா போச்சி? தீவு தெக்கால கீது."

"அப்டித்தான் சுத்திகினு வரும்."

"இங்க இருக்கற மதகடிப்பட்டு போறவன் காசிக்குப் போயிட்டா வருவான்?"

தீவுக்குப் பம்பை போய்ச் சேர்ந்தது என்று ஒருநாள் சொன்னான். மறுநாள் சுங்கத்தில் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்றான். தோல் இருப்பதால் பூச்சி கீச்சி உண்டா என்று பார்ப்பார்களாம். "இன்னா பூச்சி? எட்டூரு சாமிய எறக்கன தோலு அது" என்றார் தணிகைவேல். அதற்குள் அங்கே தீமிதி வந்தது. யாரிடமோ இரவல் வாங்கிய கொட்டோடு நடந்தும் முடிந்தது. தீமிதியே முடிந்துவிட்டால் காப்பும் முடிந்ததா? முடிந்தது என்று வீரமணி சொன்னான். "நூலு அவுந்துச்சா?" என்று கேட்டார். பம்பையே கைக்கு வரவில்லை, நூலை யார் கண்டது?

பொங்கல் முடிந்து வந்த கரிநாளன்று தெருவெல்லாம் கறிக்குழம்பு கொதிக்க, அவர் ரசஞ்சோறு தின்றுவிட்டுப் பூசாரியிடம் போனார்.

"நான் எல்லை தாண்டக் கூடாது. அது கடலையே தாண்டிடுச்சி. அப்ப இந்தக் காப்பு செல்லுமா செல்லாதா?"

"எங்க தாத்தன் காலத்துல யாரும் பம்பைய பார்சல்ல போடலப்பா" என்றார் பூசாரி. "போட்டவன் நீ. நீயே சொல்லு."

இந்தக் குழப்பத்தின் நடுவில்தான் அவர் மகள் ஜெயாவுக்கு மதகடிப்பட்டு ஆஸ்பத்திரியில் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம். தாத்தா வளைவு வரைக்கும் வந்து நின்றார். ஜெயா பிள்ளையோடு வீட்டுக்கு வந்த அன்று, பாயைச் சுருட்டிக்கொண்டு கொல்லையில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க்குக் குடிபோனார். அமுதம் அங்கேயே சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள், திட்டையும் சேர்த்து.

"பெத்த பொண்ண பாக்காத காப்பு இன்னாய்யா காப்பு?"

"ஒந்தம்பிதான கட்டி அனுப்பச் சொன்னான்."

"பம்பைக்குக் கட்டச் சொன்னான். ஒனக்கா கட்டச் சொன்னான்?"

அதையேதான் அவரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

அமுதம் போனில் பேத்தியின் போட்டோவைக் காட்டினாள். அவர் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டார். "போட்டோவுல பாத்தா பாத்த கணக்கா, பாக்காத கணக்கா?" இதையும் போய்ப் பூசாரியிடம் கேட்டார். பூசாரி கோயில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். ராத்திரியில் குழந்தை அழுதால் மட்டும், கொட்டாய்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பார். கேட்கக் கூடாது என்று அப்பன் சொன்னதாக அவருக்கு ஞாபகம் இல்லை.

மருமகனுக்கு ஓசூரில் வேலை. சம்பந்தியம்மாள் ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவதாக முடிவாகிவிட்டது. போய்விட்டால் எல்லை தாண்டி ஓசூர் போகிற வழி அவருக்கு இல்லை. ஜெயா கொல்லை வாசலில் நின்று கூப்பிட்டுச் சொன்னாள்: "நாளைக்குப் போறன்பா. ஒரு வாட்டி தூக்கு. சாமி ஒண்ணும் சொல்லாது." அவர் வாய்க்காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். சரி என்றா, மாட்டேன் என்றா, அவளுக்குப் புரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீரமணி வீடியோவில் வந்தான். முகமெல்லாம் சிரிப்பு. "வந்துடுச்சி மாமா." பெட்டி வேறு டேப் போட்டு ஒட்டியிருந்தது. சேலை மடிப்புக் கலைந்திருந்தது. மரம், வெண்கலம் இரண்டையும் திருப்பித் திருப்பிக் காட்டினான். தோல் நன்றாக இருந்தது. கயிறு நன்றாக இருந்தது. மஞ்சள் நூல் இல்லை.

"நூலு எங்க மச்சான்?"

"காணல மாமா. செக் பண்ணவன் அறுத்துப் போட்டுட்டான் போலகீது."

"எப்ப அறுத்தான்?"

"அது எப்டி தெரியும்? போன மாசமும் இருக்கலாம், நேத்தும் இருக்கலாம்."

"பாரீசுலயா, ஒங்கூர்லயா?"

"மாமா..."

"குளிச்சிட்டு அறுத்தானா?"

தணிகைவேல் போனை இறக்கிவிட்டார். போன மாதமே அறுந்திருந்தால், இத்தனை நாளும் அவர் கட்டில்லாத ஆள். முறைப்படி அவிழ்க்காமல் அறுந்ததால் அது அவிழ்ந்த கணக்கே இல்லையென்றால், இன்னும் கட்டுப்பட்ட ஆள். இரண்டில் எது என்று சொல்லக்கூடிய ஒரே மனிதன் எந்த ஊர்க் கிடங்கிலோ வேறு பெட்டியைப் பிரித்துக்கொண்டிருப்பான்.

வாசலில் ஓசூர் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. சம்பந்திகளுக்குக் குழம்பு வைக்க, மோட்டார்த் தொட்டி ஓரம் அரிவாள்மணையைப் போட்டு அமுதம் சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் வந்து அவள் எதிரில் குந்தினார். வலது கையை நீட்டினார்.

"இன்னா?"

"அறு."

"கையெல்லாம் கவுச்சிய்யா. போயி பூசாரிய இட்டுகினு வா."

அவர் எழுந்திருக்கவில்லை. செதில் ஒட்டிய அரிவாள்மணையின் வாய்க்கு நேராக நூல் வரும்படி மணிக்கட்டைத் திருப்பி வைத்துவிட்டு, முகத்தை மட்டும் வீட்டுப் பக்கம் வைத்துக்கொண்டார்.